அறுத்தாகிவிட்ட அரை அங்குலம்

அறுத்தாகிவிட்டது. கோல்ஃப் ஸ்டிக்கின் கறுப்புத் துண்டு சிமெண்ட் தரையில் டிக்கென்று விழுந்து, உருண்டு, மேஜைக்காலில் முட்டி நின்றது. அருளாந்து ரம்பத்தைக் கீழே வைத்தார். வெட்டுவாயில் ஒட்டியிருந்த தூளை ஊதினார். கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். பிசிறே இல்லை, வழவழவென்று இருந்தது. அடடா, அருளாந்து, ஐம்பத்தேழு வயசில் உனக்கு இப்படி ஒரு கை நிதானமா என்று தனக்குத்தானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டார். போட்ட சபாஷ் அடங்குவதற்குள் அந்தக் கேள்வி வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. இரண்டு நாளாக வராத கேள்வி, ரம்பம் ஓடிக்கொண்டிருந்தபோதுகூட எட்டிப் பார்க்காத கேள்வி, எல்லாம் முடிந்து துண்டு கீழே விழுந்த பிறகு சாவகாசமாக வந்து எதிரில் நின்றது. வியாழக்கிழமை அளவு எடுத்தபோது டாக்டரம்மா காலில் என்ன போட்டிருந்தார்? ஷூவா, வெறுங்காலா?

இது ஒரு கேள்வியா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். கோல்ஃப் ஆடுகிறவர் பையில் பதினாலு ஸ்டிக் இருக்கும். அதில் முதல் அடிக்கு எடுக்கிற, எல்லாவற்றையும்விட நீளமான ஸ்டிக்குக்கு டிரைவர் என்று பெயர். அதன் தண்டு நீள நீளப் பந்து தூரமாகப் போகும் என்று இந்தக் கிளப்பில் இருக்கிற ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் சத்தியம் செய்வார்கள். தூரம் போவது நிஜம்தான், எந்தத் திசையில் போகும் என்பதுதான் ஆண்டவனுக்கே வெளிச்சம். ஆளுக்குத் தகுந்த நீளம் வேண்டும். அதற்கு ஆளை நேராக நிற்க வைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து தரைவரை டேப்பால் அளக்க வேண்டும். முப்பத்துமூன்று அங்குலம் வந்தால் டிரைவர் நாற்பத்துநாலரை. முப்பத்திரண்டு வந்தால் நாற்பத்துநாலு. அட்டவணையை அருளாந்துவே பால்பாயிண்ட் பேனாவால் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். ஆனால் அளவு கொடுக்க வருகிற எவருமே இங்கே ஷூவைக் கழற்றுவதில்லை. ஆடி முடித்துவிட்டு, காருக்குப் போகிற வழியில், சீக்கிரம் சீக்கிரம் என்று வந்து நிற்பார்கள். அந்த ஷூவின் அடிப்பாகமே ஒரு அங்குலம் இருக்கும். அதைக் கழித்து எழுத வேண்டும். கழித்துக் கழித்து அது அவருடைய கைப்பழக்கம் ஆகிவிட்டது. டேப் என்ன சொன்னாலும் கை ஒன்றைக் குறைத்துத்தான் எழுதும். டாக்டரம்மாவுக்கு டேப் முப்பத்துமூன்று என்றது. நோட்டில் முப்பத்திரண்டு என்று இருக்கிறது. அதை நம்பி, நாற்பத்தைந்தரை அங்குலம் இருந்த ஸ்டிக்கில் ஒன்றரை அங்குலத்தை அறுத்துத் தள்ளியாயிற்று. அந்தம்மா ஷூவோடு நின்றிருந்தால் கணக்குச் சரி. வெறுங்காலோடு நின்றிருந்தால் அரை அங்குலம் அநியாயமாகப் போய்விட்டது. குறைவாக அறுத்திருந்தால் இன்னொரு தரம் ரம்பத்தை எடுக்கலாம். கூடுதலாக அறுத்ததற்கு எந்தக் கடையில் மருந்து விற்கிறான்?

இரு, பதறாதே, யோசி என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். மணி ஒன்பதே கால். பதினொரு மணிக்கு டாக்டரம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாளைக் காலை பெண்கள் கோப்பைப் போட்டி. அதற்கு முன்னால் பத்துப் பந்தாவது அடித்துப் பார்க்க வேண்டும் அல்லவா. அவர் மட்டும் வருவார் என்றால்கூடப் பரவாயில்லை, செகரட்டரி ரங்கபாஷ்யமும் கூடவே வருவார். "ஏம்ப்பா அருளாந்து, இந்த ஒரு வேலை ஒழுங்கா வரட்டும், இந்த ரூம் உனக்குத்தான். இல்லேன்னா பழையபடி ரிப்பேர் எல்லாத்தையும் பெங்களூருக்கே அனுப்பிச்சுடலாம், என்ன?" அந்த 'என்ன'வை அவர் சொன்ன விதம் இருக்கிறதே! முப்பத்தோரு வருஷம் இந்த மலைச்சரிவில் மற்றவர்களுடைய பையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியிருக்கிறார் அருளாந்து. போன ஐப்பசியில், பதினாலாவது குழிக்குப் போகிற ஏற்றத்தில், இரண்டு முழங்காலும் ஒரே சமயத்தில் மாட்டேன் என்று சொல்லிவிட்டன. பையோடு உட்கார்ந்தவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பை தூக்குகிற கேடி வேலை அன்றோடு சரி. ஸ்டோருக்குப் பின்னால் உரச்சாக்கு அடுக்கியிருந்த இந்த அறையைக் கெஞ்சிக் கேட்டு வாங்கி, தானே கழுவி, ஒரு மேஜையும் பட்டறைப் பிடியும் வைத்து, கைப்பிடி ரப்பரான கிரிப்பை மாற்றுவது, தலை ஒட்டுவது என்று மூன்று மாதமாக ஓடுகிறது. மூன்று மாதமாக உட்கார்ந்து வேலை செய்கிறார். உட்கார்ந்து வேலை செய்வது எப்பேர்ப்பட்ட சுகம் என்று காலம் பூரா நின்றவனுக்குத்தான் தெரியும். இந்த ஸ்டூல் போய்விட்டால் அப்புறம் எங்கே போவது? வீட்டில் பெண்டாட்டி செலின் தைக்கிற மெஷினுக்கு எதிரில் போய் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சரி, கால். காலை யோசி. வியாழக்கிழமை மத்தியானம். மூடுபனி ஜன்னல் வரைக்கும் வந்திருந்தது. டாக்டரம்மா உள்ளே வந்தார். சாருமதி டாக்டர் என்றால் மனுஷ டாக்டர் இல்லை, மாட்டு டாக்டர். மேல்மலைக் கிராமங்களில் எந்த வீட்டில் மாடு ஈனும்போது கன்று மாட்டிக்கொண்டாலும் அவர்தான் போவார். தோளில் அவ்வளவு வலு. அந்தத் தோளை வைத்துக்கொண்டு பந்தை அடித்தால் எங்கே போக வேண்டும்? நேராகக் காட்டுக்குள், வலது பக்கம், காட்டெருமைகள் படுத்திருக்கிற மரக்கூட்டத்துக்குள். நாலு வருஷமாகவே அப்படித்தான். ஸ்டிக் அந்தம்மாவுடையதே இல்லை, வீட்டுக்காரர் வாங்கியது. இந்தக் கிளப்பில் அது ஒரு வழக்கம். புருஷன் ஆசை ஆசையாக ஒன்றை வாங்குவான், இரண்டு மாதத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும், உடனே "இந்தா, உனக்குத்தான்" என்று பெண்டாட்டி பையில் செருகிவிடுவான். ஆறடி மனுஷனுக்கு வாங்கிய நாற்பத்தைந்தரை அங்குலத்தை இந்தம்மா சுழற்றிக்கொண்டிருக்கிறார். "அண்ணே, இதை எனக்குத் தகுந்த மாதிரி ஆக்கிக் குடுங்க, ஒரு வருஷமாவது எருமையத் தொந்தரவு பண்ணாம ஆடுறேன்" என்று சொன்னார். சிரித்தார். வாய் ஞாபகம் இருக்கிறது. சிரிப்பு ஞாபகம் இருக்கிறது. கழுத்தில் சுற்றியிருந்த நீல மஃப்ளர், அதில் ஒட்டிக்கொண்டிருந்த வைக்கோல் துரும்புகூட ஞாபகம் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே போனால் ஒரே பனி.

மண்டியிட்டுத்தானே அளந்தாய், கண்ணுக்கு நேரே கால் இருந்திருக்குமே என்று தன்னையே மிரட்டிப் பார்த்தார். மண்டியிட்டது நிஜம். ஆனால் அந்த முழங்காலோடு மண்டியிடுவது என்றால் லேசா? தரையில் முட்டி பட்டதும் உயிர் போய் உயிர் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கண்ணால் டேப்பில் இருந்த எண்ணை மட்டும் பார்த்தார். முப்பத்துமூன்று. அது மட்டும் தெரிந்தது. கால் தெரியவில்லை. சாக்ஸா? சாக்ஸ் கறுப்பா, வெள்ளையா? ஒன்றும் இல்லை. அந்தம்மா அப்போது பேசிக்கொண்டே இருந்தார், கன்று குறுக்கே திரும்பிக் கிடந்தது, கயிறு கட்டி இழுக்க வேண்டியதாகிவிட்டது, தோள்வரைக்கும் கையை விட்டேன் அண்ணே என்று. ஃபினாயில் வாசனையும் சாணி வாசனையும் சேர்ந்து அடித்தது. ஆக, தொழுவத்திலிருந்து நேராக வந்திருக்கிறார். தொழுவத்துக்குக் கோல்ஃப் ஷூவையா போட்டுக்கொண்டு போவார்? முழங்கால்வரைக்கும் ரப்பர் பூட்ஸ்தான் போட்டிருப்பார். அப்பாடா. ரப்பர் பூட்ஸ் என்றால் அடிப்பாகம் ஒரு அங்குலத்துக்கும் மேலே இருக்குமே. அப்படியானால் கழித்தது சரிதான், இன்னும் கொஞ்சம் கழித்திருந்தாலும் தப்பில்லை. நெஞ்சில் இருந்த பாரம் இறங்குகிற மாதிரி இருந்தது. எழுந்து போய் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்தார்.

டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அது ஞாபகம் வந்தது. ரங்கபாஷ்யம் குரல். வியாழக்கிழமை, வாசலில் இருந்து, எதிலோ இடறின மாதிரி, "யாருது இந்தப் பூட்ஸு, நட்டநடு வழியிலே? சாணி வேற!" உள்ளே இருந்து டாக்டரம்மா, "என்னுதுதான் சார், மன்னிச்சுக்குங்க." ஆமாம். இப்படித்தான் நடந்தது. பூட்ஸ் வெளியே இருந்தது, அந்தம்மா உள்ளே இருந்தார். ஆக, பூட்ஸ் இல்லை. பூட்ஸ் இல்லை என்றால்? லாக்கரில் இருந்து ஷூ எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே? போட்டிருக்கலாம், ஏன் போட்டிருக்கக் கூடாது, பெரிய மனுஷர்கள் வெறுங்காலோடு நடந்து அருளாந்து எங்கே பார்த்திருக்கிறார்? பார்த்ததில்லை. ஆகவே ஷூ போட்டிருந்தார். முடிந்தது. இப்படி வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டே வந்தவருக்கு, மண்டியிட்டபோது தலைக்கு மேலே கேட்ட ஒரு வார்த்தை, அப்போது காதில் விழுந்து மனசில் விழாத வார்த்தை, இப்போது மெள்ள வந்து விழுந்தது. "ஸ்... தரை ஜில்லுனு இருக்குண்ணே." அதுக்கு இந்த மகாராசன் பதில் வேறு சொல்லியிருக்கிறார்: "சிமெண்ட் தரைங்க டாக்டரம்மா, அப்படித்தான் இருக்கும்." சொல்லிவிட்டு எழுந்துபோய், ஷூவுக்கு ஒரு அங்குலம் கழித்து, நோட்டில் முப்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறார்! தரை ஜில்லென்று இருக்கிறது என்று ஒரு மனுஷி வாய்விட்டுச் சொல்கிறாள், நீ இல்லாத ஷூவைக் கழிக்கிறாய். உன்னை எல்லாம் எதில் சேர்ப்பது, அருளாந்து? கை தானாகவே போய்த் தரையில் கிடந்த கறுப்புத் துண்டை எடுத்தது. ஒன்றரை அங்குலம், சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. அதை வெட்டுவாயில் பொருத்திப் பார்த்தார். அழகாகப் பொருந்தியது. கையை எடுத்ததும் விழுந்தது.

துணியாக இருந்தால் இந்தக் கஷ்டம் உண்டா? செலின் வெட்டுகிறதைப் பார்க்க வேண்டுமே. அளவுக்கு மேலே இரண்டு விரற்கடை விட்டுத்தான் கத்தரிக்கோலை வைப்பாள். பெருசா இருந்தா பிடிச்சுக்கலாம், சிறுசா போனா எங்க போய் அழ என்பாள். அவளே ஒரு தரம் அழுதிருக்கிறாள். மூத்த மகளுக்கு மாதா கோயிலில் முதல் நன்மை வாங்க வெள்ளை கவுன் தைத்தபோது, பேச்சு வாக்கில் பாவாடைப் பக்கம் நாலு விரற்கடை குறைத்து வெட்டிவிட்டாள். மறுநாள் பூசை. கொஞ்ச நேரம் துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து, பழைய திரைச்சீலையிலிருந்து லேஸைப் பிரித்து, கீழே மூன்று சுற்று ஃபிரில் வைத்துத் தைத்துவிட்டாள். கோயிலில் அத்தனை பொம்பளைகளும் இந்த மாடல் எங்கே பார்த்தே என்று கேட்டார்கள். மகள் நடந்து போகும்போது அந்த ஃபிரில் முட்டிக்குக் கீழே துள்ளித் துள்ளிப் போனது. இப்போது அவளுக்கே ஒரு பெண் இருக்கிறது, திருப்பூரில். எங்கே போகிறாய், அருளாந்து, இங்கே வா. ஃபிரில். ஆமாம், ஸ்டிக்குக்கு ஒரு ஃபிரில் வைத்தால் என்ன? மரக்கட்டையில் ஒரு சின்னச் செருகு சீவி, தண்டின் வாய்க்குள் பசை போட்டு இறக்கி, அரை அங்குலம் வெளியே விட்டு, மேலே கிரிப்பை ஏற்றிவிட்டால் எவனுக்குத் தெரியப் போகிறது? தெரியாதுதான். டாக்டரம்மா நாளைக்கு முதல் அடியில் அந்தத் தோள் வலுவை எல்லாம் திரட்டிச் சுழற்றும்போது, கட்டை உள்ளே மளுக்கென்று முறிந்து, ஸ்டிக் கையை விட்டுப் பறந்து, பின்னால் நிற்கிறவர்கள் யாராவது... ஐயோ, வேண்டாம் சாமி. அப்படியானால் கிரிப்பின் மேல்நுனி, அந்த மூடிப்பக்கம்? அது ரப்பர்தானே, பழைய கிரிப்பின் மூடியை அரை அங்குலம் அறுத்து, புதுக் கிரிப்புக்குள் வைத்து அடைத்துவிட்டால் கனமும் இல்லை, முறியவும் முறியாது. நல்ல யோசனையோ கெட்ட யோசனையோ, அதற்குப் பழைய கிரிப் வேண்டும். காலையில் கத்தியால் நீளமாகக் கீறி, வாழைப்பழத் தோல் மாதிரி உரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டது. தொட்டிக்குள் கையைவிட்டுத் துழாவி எடுத்தார்.

எடுத்து, மூடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ரப்பர் புத்தம் புதுசாக இருந்தது. வரிவரியாகச் செதுக்கிய கோடுகள், கடையில் வாங்கிய அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே. நாலு வருஷம் ஆடின ஸ்டிக்கில் இது எப்படி? வெளிச்சத்துக்காக ஜன்னல்பக்கம் கொண்டுபோனார். கோடுகள் கீழே வர வர மங்கி, ஒரு இடத்தில் சட்டென்று காணாமல் போயின. அதற்கு அப்புறம் ரப்பர் தேய்ந்து பளபளவென்று, எண்ணெய் தடவின மாதிரி இருந்தது. இடது கை சுண்டுவிரல் உட்காருகிற இடம் அது. டேப்பை வைத்தார். டேப் இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் நின்றது. மூடியிலிருந்து இரண்டு அங்குலம். எல்லோரும் அரை அங்குலம் விட்டுத்தான் பிடிப்பார்கள். இந்தம்மா இரண்டு அங்குலம் விட்டுப் பிடித்திருக்கிறார். இரண்டில் அரை போனால் ஒன்றரை. ஒன்றரை! மனுஷன் இன்னொரு தரம் கழித்தார். விரலை மடக்கிக்கூடக் கழித்தார். ஒன்றரையேதான் வந்தது. அந்த நீளமான ஸ்டிக்கின் மேல்பக்கம் ஒன்றரை அங்குலத்தை டாக்டரம்மாவின் கை என்றைக்கோ வேண்டாம் என்று தள்ளிவிட்டிருக்கிறது. தனக்கு நாற்பத்துநாலுதான் சரி என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. டேப்புக்குத் தெரியவில்லை, அட்டவணைக்குத் தெரியவில்லை, இந்த முட்டாள் அருளாந்துக்கும் தெரியவில்லை. தெரியாமலே போய், தப்பான காரணத்துக்குச் சரியான இடத்தில் ரம்பத்தை வைத்திருக்கிறார். மாதாவே, என் தாயே, என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்னதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டார்.

அதற்கப்புறம் கை கடகடவென்று ஓடியது. தண்டின் மேல் இருபக்கமும் ஒட்டுகிற டேப்பைச் சுற்றி, ஒரு மூடி பெட்ரோலை ஊற்றி நனைத்து, புதுக் கிரிப்பை ஒரே தள்ளாகத் தள்ளி ஏற்றினார். நீளம் குறைந்ததில் தலைப்பக்கம் கனம் தெரியாமல் போகும் என்பதால் அடியில் சின்னதாக ஈயப் பட்டை ஒன்றை ஒட்டினார். காயட்டும் என்று ஜன்னல் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். மணி பத்தேகால். சும்மா உட்கார்ந்திருந்தால் மனசு விடுமா? பழைய கிரிப்பை மறுபடி எடுத்தார். இந்தத் தேய்மானம் அந்தம்மாவுடையதுதான் என்று யார் சொன்னது? வீட்டுக்காரர் பிடித்ததாக இருந்தால்? அவருடைய கைதான் இப்படிக் கீழே பிடித்துத் தேய்த்திருந்தால் இந்தக் கணக்கு எல்லாம் புகை. ஆனால் அவர் ஆடினது இரண்டே மாதம், இரண்டு மாதத்தில் ரப்பர் இப்படித் தேயுமா? தேயாது. கட்டைவிரல் பதிகிற இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அதில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் வழிந்தது. அருளாந்து கையே சின்னக் கை. அந்த ஆறடி மனுஷனுடைய கட்டைவிரலாவது இதற்குள் அடங்குவதாவது. ஒடுங்கிய, ஆழமான, அழுத்தமான பள்ளம். கன்றை இழுக்கிற விரல். அப்பாடா என்று சாய்ந்தார். இந்தத் தரம் சாய்ந்தவர் நிஜமாகவே சாய்ந்தார். வெளியே பனி விலகி, புல்லின்மேல் வெயில் மெள்ள இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ புல்வெட்டும் மெஷின் ஓடியது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்தச் சத்தம் அவருக்கு இதமாக இருந்தது.

ஒன்றுதான் பாக்கி. சொல்வதா வேண்டாமா? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, ஸ்டிக் எப்படியும் சரியாகத்தான் வந்திருக்கிறது. சொன்னால் ரங்கபாஷ்யம் காதில் விழும், அந்த ஆள் தப்பு என்கிற சொல்லை மட்டும்தான் எடுத்துக்கொள்வார். வாயை மூடிக்கொண்டு இரு, அருளாந்து, உன் பெண்டாட்டி ஃபிரில் வைத்ததைக் கோயிலில் மைக் போட்டா சொன்னாள்? நியாயம்தான். ஆனால் ஒரு ஆட்டக்காரர் கையில் கொடுக்கிற ஸ்டிக்கின் நீளத்தை மறைத்துக் கொடுப்பது என்றால், முப்பத்தோரு வருஷம் கேடியாக நின்றவனுக்கு நாக்கு கூசுகிறது. கேடி தூரத்தைப் பொய் சொல்லக் கூடாது. நூற்று நாற்பது கஜம் என்றால் நூற்று நாற்பது. அடிப்பவர் அதை நம்பித்தான் ஸ்டிக்கை எடுக்கிறார். இப்படி அவர் தனக்குள்ளேயே இழுபறி பண்ணிக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. டாக்டரம்மா. பின்னாலேயே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, செகரட்டரி.

"ஆச்சாண்ணே?" என்றார் டாக்டரம்மா. "ஆச்சுங்க டாக்டரம்மா" என்று ஸ்டிக்கை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார் அருளாந்து. நீட்டின கையை விடவில்லை. "ஒரு விஷயம் சொல்லிடறேன். அன்னிக்கு நீங்க வெறுங்காலோட நின்னீங்க. நான் ஷூ போட்டிருக்கீங்கன்னு நெனச்சுக் கழிச்சுட்டேன். கணக்குப்படி பாத்தா அரை இன்ச்சு கூடுதலா அறுத்துட்டேன்." ரங்கபாஷ்யத்தின் புருவம் மேலே போனது. "ஏம்ப்பா, என்னப்பா இது..." என்று ஆரம்பித்தவரை டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "ஆனா உங்க பழைய கிரிப்பப் பாத்தேன். நீங்க ரெண்டு இன்ச்சு எறக்கித்தான் பிடிச்சிருக்கீங்க. அதனால இதுதான் உங்களுக்குச் சரியா இருக்கும்னு என் மனசுக்குப் படுது. அடிச்சுப் பாத்துச் சொல்லுங்க." டாக்டரம்மா முகம் லேசாகச் சிவந்தது. "எறக்கிப் பிடிக்கிறது எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதுண்ணே" என்றார் மெதுவாக. "இவ்வளவு நீளத்த என் வீட்டுக்காரி சுத்துறான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. வாங்க, பார்ப்போம்." அவ்வளவுதான்.

பயிற்சி மைதானத்தில் வேறு யாரும் இல்லை. அருளாந்து ஸ்டிக்கின் முகத்தில் பவுடரைத் தட்டிப் பூசினார், பந்து எங்கே படுகிறது என்று தெரிவதற்காக. டாக்டரம்மா மூடிப்பக்கம்வரைக்கும் கையைக் கொண்டுபோய், முழுசாகப் பிடித்தார். நின்றார். சுழற்றினார். பந்து தரையை ஒட்டிப் போய் இடது பக்கப் புதரில் செருகிக்கொண்டது. ரங்கபாஷ்யம் தொண்டையைச் செருமினார். அருளாந்து முகத்தில் ஈயாடவில்லை. பார்த்தாயா, பெரிய கண்டுபிடிப்பு, தேய்ந்த ரப்பரைப் பார்த்து ஜோசியம் சொல்ல வந்துவிட்டாய், பேசாமல் மரக்கட்டையையாவது செருகியிருக்கலாம், செலினிடம் என்ன சொல்வது, இன்றைக்கே சொல்வதா, ஞாயிறு பூசை முடியட்டுமா, சாயங்காலம் இந்த ஸ்டூலை யார் எடுத்துக்கொண்டு போவார்கள், ஸ்டூல் கிளப்புடையதா தன்னுடையதா என்று மனசு தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, "தலையத் தூக்கிட்டேன், என் தப்பு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டாக்டரம்மா இரண்டாவது பந்தை வைத்தார். அடித்தார். அருளாந்து பந்தைப் பார்க்கவில்லை. சத்தத்தைக் கேட்டார். முப்பத்தோரு வருஷம் கேட்ட காது அது; ஓரத்தில் பட்டால் ஒரு சத்தம், நடுவில் பட்டால் ஒரு சத்தம். இது நடு. நிமிர்ந்தபோது பந்து வெயிலில் வெள்ளைப் புள்ளியாக ஏறிக்கொண்டிருந்தது, நேராக, காட்டுப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல். மூன்றாவதும் அப்படியே போயிற்று. நாலாவது. ஐந்தாவது. பவுடரில் பந்து பட்ட தடம் ஒன்று மட்டும் ஓரத்தில் தனியாக இருந்தது. மற்ற நாலும் நட்டநடுவில், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு அப்பியிருந்தன.

டாக்டரம்மா அருளாந்தைப் பார்க்கவில்லை, ஸ்டிக்கைப் பார்க்கவில்லை. மஃப்ளரை அவிழ்த்துப் புல்லில் எறிந்துவிட்டு அடுத்த பந்தை வைத்தார். அதற்கடுத்ததை வைத்தார். பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்பதே மறந்துபோன முகம். இருபது பந்து ஆயிற்று. நாலு வருஷமாகக் கை இறக்கி, தோளைக் குறுக்கி ஆடின மனுஷி, இப்போது வீட்டுக் கதவைத் திறப்பது போலச் சுழற்றிக்கொண்டிருந்தார். அருளாந்துக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது, கேட்கப் பயமாகவும் இருந்தது. ரங்கபாஷ்யத்துக்குத்தான் பொறுமை போயிற்று. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், முன்னால் போனார். "அப்புறம் என்ன டாக்டர், அரை இன்ச்சு குறைஞ்சுபோச்சுங்கறான். நீங்க சொல்லுங்கோ, திங்கட்கிழமை பெங்களூருக்கே அனுப்பிச்சுடலாமா?"

டாக்டரம்மா திரும்பவே இல்லை. குனிந்து பந்தை வைத்துக்கொண்டே கேட்டார்: "எதை?"

ரங்கபாஷ்யம் அருளாந்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஆபீஸ் பக்கம் நடந்தார். அருளாந்து அந்த ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.